நம்பப்படாதவர்களின் பெட்டகம்: கணினியில் மறைப்பது பற்றி ஒரு வரலாறு

அம்பத்தூரில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு தம்பி வருகிறார். சட்டக் கல்லூரி மாணவர். சென்ற மாதம் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒரு வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவோடு போய் எடுத்துவந்த வாக்குமூலங்களும் புகைப்படங்களும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு குறியாக்கப் பெட்டகத்துக்குள் போட்டு, அந்தக் கோப்புக்கு ஒரு சினிமாவின் பெயரை வைத்து, பாட்டுகள் இருக்கும் ஃபோல்டருக்குள் தள்ளியிருந்தார். பெட்டகத்தைத் திறக்கும் மென்பொருளின் பெயரையும் மாற்றியிருந்தார். "இப்படி ஒரு சாஃப்ட்வேர் என்கிட்ட இருக்குன்னே யாருக்கும் தெரியாது தோழர். கேட்டா இல்லைன்னு சொல்லிடுவேன்" என்றார்.

அவருடைய அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். வாக்குமூலம் கொடுத்த அம்மாக்களின் பெயர் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எங்களை உறுத்தியது. இல்லை என்று சொல்லிவிடலாம். சரி, சொன்னால் நம்புவார்களா? யார் சொன்னால் நம்புவார்கள்? இந்தக் கேள்வியோடு கணினியில் மறைத்தலின் வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சாவிகள் கொண்ட பெட்டகம்

1991-இல் அமெரிக்காவின் ஃபில் சிம்மர்மன் என்ற பொறியாளர் பி.ஜி.பி. என்ற குறியாக்க மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். அதுவரை ராணுவமும் வங்கியும் வைத்திருந்த தரத்தில் ஒரு பூட்டு சாதாரண மனிதரின் கைக்கு வந்தது. வலுவான குறியாக்கத்தை ஆயுதப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்க அரசு, அதை நாட்டுக்கு வெளியே போகவிட்டார் என்று அவர்மீது குற்றப் புலனாய்வு நடத்தியது. 1996 ஜனவரியில் வழக்குத் தொடராமலே அதைக் கைவிட்டது. அதற்குள் மென்பொருள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பூட்டு வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. பூட்டை உடைக்க முடியாவிட்டால் சாவி வைத்திருப்பவரை உடைப்பார்கள். குறியாக்கத் துறையில் இதற்கு ஒரு கசப்பான பெயர் உண்டு: ரப்பர் குழாய் முறை. கணக்குப் போட்டு மறைமொழியைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக, ரப்பர் குழாயால் அடித்து வாங்குவது. "அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பழமொழியைக் காவல் நிலையச் சுவருக்குள் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடையாக 1997-இல் ஜூலியன் அசாஞ்சும் நண்பர்களும் 'ரப்பர்ஹோஸ்' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். அடக்குமுறை நாடுகளில் வேலை செய்யும் மனித உரிமைச் செயல்பாட்டாளர்களுக்காக என்று சொல்லியே அதைச் செய்தார்கள். ஒரே வட்டில் பல அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் தனி மறைமொழி. அடி தாங்காமல் ஒரு சாவியைக் கொடுத்தாலும் அடுத்த அடுக்கு இருக்கிறதா என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

அந்த எண்ணத்தை எல்லார் கணினிக்கும் கொண்டுவந்தது 2004-இல் வெளியான ட்ரூக்ரிப்ட். அதன் மறைவுப் பெட்டகம் இப்படி வேலை செய்யும். முதலில் ஒரு வெளிப்பெட்டகம். அதன் காலி இடம் முழுவதும் பொருளற்ற எழுத்துக் குப்பையால் நிரப்பப்படும். அந்தக் குப்பைக்குள் இன்னொரு பெட்டகத்தை வைக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குப்பையாகத் தெரியும். ஒரு சாவி போட்டால் குடும்பப் படங்கள். இன்னொரு சாவி போட்டால் உண்மையான ஆவணங்கள். இதை அவர்கள் 'நம்பத்தகுந்த மறுப்பு' என்றார்கள். 2008-இல் ஒரு இயங்குதளத்தையே முழுதாக மறைக்கும் வசதியும் வந்தது. 2014 மே மாதம் ட்ரூக்ரிப்ட்டை உருவாக்கியவர்கள் அதைத் திடீரென நிறுத்தினார்கள். அதே நிரலிலிருந்து கிளைத்த வெராக்ரிப்ட் இன்றும் இருக்கிறது. நம் தம்பி பயன்படுத்தியதும் அதுதான்.

கணினியே காட்டிக்கொடுத்தது

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணினிதான் வாயை மூடவில்லை. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் புரூஸ் ஷ்னையரும் ட்ரூக்ரிப்ட்டின் மறைவுப் பெட்டகத்தைச் சோதித்தார்கள். பெட்டகத்துக்குள் அவர்கள் நுழையவே இல்லை. விண்டோஸ் தானாக உருவாக்கும் 'அண்மையில் திறந்த கோப்புகள்' குறுக்குவழிகளைப் பார்த்தார்கள். வேர்டு மென்பொருள் தானாகச் சேமிக்கும் தற்காலிக நகல்களைப் பார்த்தார்கள். மறைந்த பெட்டகத்திலிருந்த கோப்பின் பெயரும், சில இடங்களில் உள்ளடக்கமும் வெளியே கிடந்தன.

மென்பொருளின் பெயரை மாற்றுவதும் அப்படித்தான். எந்த நிரல் எப்போது ஓடியது, எந்த வட்டு எந்த எழுத்தில் இணைக்கப்பட்டது என்று விண்டோஸ் பல இடங்களில் குறித்து வைக்கிறது. பெயர் மாறினாலும் நிரலின் உள்ளடக்கம் மாறுவதில்லை. இரண்டு ஜி.பி. அளவுள்ள 'சினிமா' எந்தப் பிளேயரிலும் ஓடாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வெறும் குப்பையாக இருந்தால், தடயவியல் பயின்ற ஒருவர் அதைப் பாட்டு ஃபோல்டரில் தேடியே எடுத்துவிடுவார். இதை எடுக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'தனிப்பட்ட கணினி' என்ற சொல்லை வைத்தவர்கள் தனி அறை உள்ளவர்கள். நம்மில் பலருடைய முதல் கணினி, 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். அக்கா படித்து, தம்பி படித்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை புராஜெக்ட் செய்து தேய்ந்த லேப்டாப். இல்லையென்றால் ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட். அதில் முந்தைய உரிமையாளர் 'டெலிட்' செய்த கோப்புகள் மீட்டெடுக்கும் நிலையில் இருக்கலாம். ஆவடி லைன் வீட்டில் ஐந்து பேர் தொடும் ஒரு கணினியில் என்ன இருக்கிறது என்று அதன் சொந்தக்காரருக்கே முழுதாகத் தெரியாது.

யாருடைய மறுப்பு நம்பப்படும்?

ஆனால் தொழில்நுட்ப ஓட்டைகளைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நம்பத்தகுந்த மறுப்பு. அதை எழுதியவர்கள் மனதில் வைத்த மனிதர், "இல்லை" என்றால் எதிரே இருப்பவர் சற்றேனும் தயங்குவார் என்று எதிர்பார்க்கக்கூடிய மனிதர். அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். அவர் பேசும் மொழி அதிகாரியின் மொழி. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு என்று அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது.

நம் நாட்டில் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி. கைரேகை கொடு, இரவில் வந்து ஆஜராகு. அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது 1952-இல். அந்தப் பார்வை நீங்கவில்லை. 1993-இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராசாகண்ணு திருட்டுப் புகாரில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மறுத்துக்கொண்டேதான் இருந்தார். காவலர்களோ அவர் தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். அவருடைய மறுப்பு நம்பப்படவில்லை. அவர்களுடைய மறுப்பு வருடக்கணக்கில் கோப்பில் நின்றது. அவருடைய மனைவி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில் தொடங்கிய போராட்டத்தில் காவலர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆனது.

இப்போது மறைவுப் பெட்டகத்தை அந்த அறைக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு சாவியைக் கொடுக்கிறீர்கள். குடும்பப் படங்கள் வருகின்றன. "இன்னொண்ணு இருக்குல்ல?" என்கிறார் எதிரே இருப்பவர். இரண்டாவது பெட்டகம் இருந்தால் சொல்லலாம். இல்லை என்றால்? இல்லாததை எப்படி நிரூபிப்பீர்கள்? நிரூபிக்கவே முடியாது என்பதுதான் அந்த மென்பொருளின் பெருமை. நம்மைக் காப்பாற்ற வந்த கணக்கு, நம் கையில் இருக்கும்போது நமக்கே எதிராகத் திரும்புகிறது. சந்தேகத்தின் பலன் கிடைப்பவருக்கு அது கேடயம். சந்தேகமே பிறப்புச் சான்றிதழாக வாய்த்தவருக்கு அது அடிக்கு முடிவில்லாத காரணம்.

பூந்தமல்லி கற்றுக்கொடுத்தது

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தைக் கடந்துதான் நம்மில் பலர் தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தடா சட்டத்தின் கீழ் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது அங்கேதான். அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது.

மீதி இருந்தவர்களில் ஒருவர் பேரறிவாளன். 1991-இல் கைதானபோது வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் வாக்குமூலமே சான்று என்று தடா சட்டம் சொன்னது. 2013-இல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் வெளிப்படையாகச் சொன்னார்: பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாக. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நடுவில் 30 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

அந்தத் தாளில் ஒரு வரி இல்லாமல் போனது. அவர் பேசியது காற்றில் போனது. அதிகாரி எழுதியது மட்டும் நின்றது. தன் வாயால் சொன்னது தன் பெயரில் வேறாக எழுதப்பட்டபோது, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. இன்று அதே பூந்தமல்லியில் தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகள் நடக்கின்றன. இன்றைய வழக்குகளில் வாக்குமூலத்தின் இடத்துக்கு லேப்டாப்பும் செல்போனும் வந்துவிட்டன. நம் பெயரில் பேசுவது இப்போது நம் ஹார்டு டிஸ்க்.

அவர்கள் மறைக்காத மறைவுக் கோப்புறை

இதற்கு நம் காலத்தின் பெரிய சான்று பீமா கோரேகான் வழக்கு. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் மகர் வீரர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அந்த நினைவுத் தூணுக்குப் போனார். அன்றிலிருந்து அது தலித் மக்களின் சுயமரியாதைத் தலம். 200-ஆம் ஆண்டையொட்டி 2017 டிசம்பர் 31 அன்று புனேயின் சனிவார்வாடாவில் எல்கர் பரிஷத் நடந்தது. மறுநாள் நினைவுத் தூணுக்குப் போன மக்கள் தாக்கப்பட்டார்கள். ஆனால் புலனாய்வு மாநாட்டின் பக்கம் திரும்பியது. 2018 ஏப்ரல் 17 அன்று டெல்லியில் ரோனா வில்சன் வீட்டிலும் நாக்பூரில் தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் வீட்டிலும் கணினிகள் கைப்பற்றப்பட்டன. ஜூன் 6 அன்று அவர்கள் இருவரும், சுதிர் தவாலே, ஷோமா சென், மகேஷ் ராவுத் ஆகியோரும் கைதானார்கள். பின்னர் மொத்தம் 16 பேர். ஆனந்த் டெல்டும்டே சரணடைய வேண்டியிருந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள்.

வழக்கின் முதுகெலும்பு, வில்சன் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள். அவை ஒரு மறைவுக் கோப்புறையில் இருந்தன. மறைத்து வைத்திருக்கிறார், ஆகவே குற்றவாளி. ஊடகங்கள் பல மாதங்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பாதுகாப்புத் தரப்பு அந்த வட்டின் நகலை நீதிமன்றம் வழியாகப் பெற்று, அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்திடம் கொடுத்தது. 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. அதன் முடிவுகள் இவை. 2016 ஜூன் 13 அன்று, வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து வந்த ஒரு கோப்பை வில்சன் திறந்திருக்கிறார். அனுப்பியது அவரது கணக்கைப் பயன்படுத்திய வேறு யாரோ. அந்தக் கோப்பின் வழியே நெட்வயர் என்ற, அப்போது காசு கொடுத்து யாரும் வாங்கக்கூடியதாக இருந்த உளவு மென்பொருள் உள்ளே நுழைந்தது. 22 மாதங்கள் கணினி வேறொருவர் கையில் இருந்தது. அந்த மறைவுக் கோப்புறையை உருவாக்கியதும் அந்த வேறொருவர்தான். அதை வில்சன் ஒருமுறைகூடத் திறந்ததற்குத் தடயம் இல்லை. முக்கியக் கடிதங்கள் வேர்டு 2010 அல்லது 2013-இல் செய்யப்பட்டவை; வில்சன் கணினியில் இருந்தது வேர்டு 2007. கைப்பற்றப்படுவதற்கு முந்தைய நாள்வரை வேலை நடந்திருக்கிறது. காட்லிங் கணினியிலும் அதே ஆள், அதே கருவி என்று பின்னர் வந்த ஓர் அறிக்கை சொன்னது.

2022 டிசம்பரில் வந்த அறிக்கை ஸ்டேன் சுவாமியின் கணினி பற்றியது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ராஞ்சியில் ஆதிவாசிகளுக்காக வாழ்ந்த நம் மண்ணின் பெரியவர். பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையோடு சிறையில் தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குவளைக்கு மனு போட்டவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், கைதியாகவே இறந்தார். அவரது கணினி 2014-லிருந்தே ஊடுருவப்பட்டிருந்தது என்றும், 40-க்கும் மேற்பட்ட கோப்புகள் மறைவாக வைக்கப்பட்டன என்றும், 2019 ஜூன் 12 அன்று காவல்துறை வருவதற்கு முந்தைய இரவு தடயங்களை அழிக்கும் வேலை நடந்தது என்றும் அறிக்கை சொல்கிறது. அது வெளியானபோது அவர் இல்லை.

என்.ஐ.ஏ. இந்த முடிவுகளை ஏற்கவில்லை. அவை சோதிக்கப்பட வேண்டியது விசாரணையில். ஆனால் ரோனா வில்சனுக்கும் சுதிர் தவாலேவுக்கும் 2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தபோதும் விசாரணை தொடங்கியிருக்கவில்லை. ஆறரை ஆண்டுகள்.

இந்தக் கதையை நம் தம்பியின் லேப்டாப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊடுருவியவர்கள் கோப்புகளை ஏன் திரையின் நடுவில் போடாமல் மறைவுக் கோப்புறையில் போட்டார்கள்? உரிமையாளர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பது ஒன்று. 'மறைத்து வைத்திருந்தார்' என்ற சொல்லே பாதிக் குற்றப்பத்திரிகை என்பது மற்றொன்று. மறைப்பதை வழக்கமாகக் கொண்ட ஒருவரின் கணினியில் இன்னொரு மறைந்த கோப்பு முளைத்தால், "இது மட்டும் என்னுடையது இல்லை" என்று அவர் எப்படிச் சொல்வார்? சினிமாப் பெயரில் ஒரு பெட்டகம் வைத்தவர், இரண்டாவது பெட்டகம் தன்னுடையது இல்லை என்றால் யார் கேட்பார்கள்?

வில்சன் தரப்புக்கு வாதாட இடம் கொடுத்தது எது என்றும் பாருங்கள். மறைத்தல் கொடுக்கவில்லை. தடயம் கொடுத்தது. வட்டு அப்படியே நகலெடுக்கப்பட்டிருந்தது. அந்த நகல் கைக்கு வந்தது. எந்தக் கோப்பு எந்த வழியாக வந்தது, எந்த வேர்டில் செய்யப்பட்டது என்பதைக் கணினியின் அதே ஓயாத வாய் சொல்லிவிட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, குறியாக்கத்தைத் திறக்க உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது. பிரிட்டனில் இதே வகைக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு, தேசப் பாதுகாப்பு வழக்கில் ஐந்து. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் 10 மத்திய முகமைகளுக்கு எந்தக் கணினியையும் கண்காணிக்க, குறியாக்கம் நீக்க அதிகாரம் கொடுத்தது. ஆனால் 69-ஆம் பிரிவின் கீழான உத்தரவு, 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவாக உள்துறைச் செயலர் மட்டத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும். ரோந்து வண்டியை நிறுத்தி "போனைத் திற" என்று ஒரு எஸ்.ஐ. சொல்வது 69-ஆம் பிரிவு ஆகாது.

தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3). மனதில் இருக்கும் பாஸ்வேர்டு அதில் அடங்குமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே அந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞரோடு இருக்கும் நீங்கள், தனியாக இருக்கும் நீங்கள் இல்லை.

ஆனால் நாம் அதிகம் பேசாத சட்டம் ஒன்று இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் கொண்டுவந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகளைச் சொல்கிறது. சாட்சிகளின் பெயர், முகவரியை மறைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டம் இன்னும் கடுமை. அதாவது நம் கையில் உள்ள வாக்குமூலங்களைப் பூட்டி வைப்பது சட்டம் மதிக்கும் கடமை. வெட்கப்பட்டு ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை.

நாங்கள் என்ன செய்கிறோம்

இந்த வரலாற்றிலிருந்து எங்கள் வட்டம் எடுத்துக்கொண்ட முடிவு எளிமையானது. பூட்டுவோம், பூட்டு இருப்பதை மறைக்க மாட்டோம். கணினி முழுவதையும் குறியாக்கம் செய்யும் வசதி விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் பதிப்பைப் பொறுத்து இருக்கிறது. இன்றைய செல்போன்களில் வாங்கும்போதே இருக்கிறது. ஏன் பூட்டியிருக்கிறாய் என்று கேட்டால் "பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, காப்பாற்றுவது என் பொறுப்பு" என்று நேராகச் சொல்லலாம். அந்தப் பதிலுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. சினிமாப் பெயருக்குப் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள்.

தேவையில்லாததைச் சேகரிப்பதில்லை. பெயருக்குப் பதில் எண் போதும் என்றால் எண்தான். பெயர்ப் பட்டியல் வேறு இடத்தில், வழக்கறிஞரிடம். ஆனால் ஒரு வழக்கு அல்லது விசாரணை வந்துவிட்ட பிறகு எதையும் அழிப்பதில்லை. சான்றை அழிப்பது தனிக் குற்றம். நம் பக்க நியாயத்தையும் அதோடு அழித்துவிடுவோம்.

மூலப் பதிவைத் தொடுவதில்லை. வீடியோ எடுத்த அன்றே அதன் ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு நோட்டில் தேதியோடு எழுதுகிறோம். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். ஒரு நகல் எப்போதும் வேறு இடத்தில் இருக்கும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை வீடு வீடாகப் புகுந்து உடைத்தபோது பள்ளிச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் அழிக்கப்பட்டன. ஒரே இடத்தில் இருக்கும் ஆவணம் எவ்வளவு பத்திரமாக ஒளித்திருந்தாலும் ஒரே நாளில் போகும் என்று நமக்கு அந்த ஊர் சொன்னது.

பெரியவர்கள் பெயரில் வந்தாலும் எதிர்பாராத இணைப்பைத் திறப்பதில்லை. போன் போட்டு "அண்ணா, நீங்க அனுப்புனீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறோம். வில்சன் கணினியில் எல்லாம் தொடங்கியது மதிப்புக்குரிய ஒரு மூத்தவரின் பெயரைப் பார்த்துத் திறந்த ஒரு கோப்பில்.

கைப்பற்ற வந்தால்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அதைக் கேளுங்கள். மகஜரில் கருவியின் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்திலேயே ஹேஷ் மதிப்பைக் குறிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நினைவக அட்டையின் உள்ளடக்கமும் ஆவணமே, பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் தொடர்பானவை தவிர மற்றவற்றின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. வில்சன் தரப்பைப் பேச வைத்தது அந்த நகல்தான்.

மின்னணுச் சான்று எப்போதும் நமக்கு எதிராகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். நிலைத்து நின்றது திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலின் சிசிடிவி பதிவு. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் யுவராஜுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மனிதர்கள் மிரட்டப்பட்டார்கள், பதிவு மிரளவில்லை. அதன் மூலமும் நேரமும் கைமாறிய வழியும் காட்டப்பட்டதால் அது சான்றானது. யாரோ ஒளித்து வைத்து, பெயர் மாற்றி, வழி தெரியாமல் வந்த பதிவாக இருந்திருந்தால் அது நின்றிருக்குமா?

நம் தம்பி இப்போது அந்தப் பெட்டகத்தை வெளியே எடுத்துவிட்டார். லேப்டாப் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. வாக்குமூலங்கள் எண்களோடு ஒரு நோட்டில் பதிவாகியிருக்கின்றன; ஒரு நகல் வழக்கறிஞர் அலுவலகத்தில். கோப்புறையின் பெயர் அந்த ஊரின் வழக்கு எண். போன ஞாயிறு அவரிடம் கேட்டோம்: "யாராவது வந்து இது என்னன்னு கேட்டா?"

"சொல்லுவேன் தோழர். இது அந்த அம்மாக்களோட வாக்குமூலம். அவங்க அனுமதி இல்லாமலோ, கோர்ட் உத்தரவு இல்லாமலோ திறக்க மாட்டேன்."

இதை அவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னதை நிரூபிக்கவும் முடியும்.

ஜெய் பீம்.